ஆவூர் மாதா கோவில் 1547-ல் கட்டப்பட்டதா? ஒரு தப்பான ஆண்டும், மறந்துபோன ஒரு பாதிரியாரும்

புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரில் இருக்கும் பெரியநாயகி மாதா கோவிலைப் பற்றி போனில் தேடிப் பாருங்கள். "1547-ல் ஜான் வெனான்சியஸ் புஷே என்ற பாதிரியார் முதல் கோவிலைக் கட்டினார், 1747-ல் புதிய கோவில் எழுந்தது" என்ற தகவல் பல பக்கங்களில் வரும். ஒன்றைப் பார்த்து இன்னொன்று காப்பி அடித்த தகவல் அது.

அதில் ஒரு சின்ன சிக்கல் இருக்கிறது. புஷே பிறந்ததே 1655-ல்தான்.

1547 ஏன் சாத்தியமில்லை?

புஷே இயேசு சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபைக்கு போப்பின் ஒப்புதல் கிடைத்தது 1540-ல். அதன் முதல் தலைமுறையைச் சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் கோவாவுக்கு வந்தார். தமிழகத்தில் அவர் வேலை செய்தது கடற்கரையோர மீனவ ஊர்களில். ஆவூர் போன்ற உள்நாட்டு ஊர்களுக்கு வழி திறந்தது ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்த 1606-க்குப் பிறகுதான். அதனால் புஷே ஆவூரில் கோவில் கட்டிய காலம் 17-ம் நூற்றாண்டின் கடைசி. யாரோ எப்போதோ செய்த எண் பிழை இன்றுவரை ஃபார்வர்டு ஆகிக்கொண்டே இருக்கிறது.

சரி, யார் இந்த புஷே?

பிரான்ஸ் நாட்டுக்காரர். முதலில் அனுப்பப்பட்டது சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு. 1688-ல் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. இந்தியாவுக்கு வந்த புஷே, மதுரை மிஷனில் சேர்ந்து ஆவூரைத் தன் தலைமையிடம் ஆக்கிக்கொண்டார்.

அப்போது மதுரை நாயக்கர்களின் தலைநகரம் திருச்சி. ஆட்சியில் இருந்தவர் ராணி மங்கம்மாள். ஆவூர் திருச்சிக்குப் பக்கம்தான். அரண்மனைச் செய்தி சீக்கிரம் வந்துவிடும், அதே நேரம் நகரத்தின் கண்ணிலும் படாது.

இந்தப் பாதுகாப்பு ரொம்பவே தேவைப்பட்ட காலம் அது. 1693-ல்தான் ஓரியூரில் ஜான் டி பிரிட்டோ (அருளானந்தர்) சேதுபதியின் ஆணைப்படி தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

தமிழ் பேசிய உலக உருண்டை

அரசு அதிகாரத்தில் பெரும்புள்ளியாக இருந்த தளவாய் நரசப்பையாவைப் பார்க்கப் போனார் புஷே. கையில் கொண்டுபோன பரிசுகளில் ஒன்று, இரண்டடி விட்டமுள்ள பூகோள உருண்டை. அதில் நாடுகள், கடல்களின் பெயர்கள் எல்லாம் தமிழில் எழுதப்பட்டிருந்தன. பூதக்கண்ணாடிகளும் சீனத்துக் கைவினைப் பொருட்களும் கூடவே போயின. தளவாய் மகிழ்ந்துபோய், தன் ஆதரவை ஊரே பார்க்கட்டும் என்று பாதிரியாரைப் பல்லக்கில் ஏற்றித் திருச்சி வீதிகளில் ஊர்வலம் விட்டார்.

இதுதான் மதுரை மிஷனின் 'ஸ்டைல்'. காவி உடை, மரக்கட்டைச் செருப்பு, மீனும் கறியும் மதுவும் கிடையாது. சந்நியாசி மாதிரி வாழ்ந்து, தமிழில் பேசினால்தான் ஜனங்கள் காது கொடுப்பார்கள் என்பது தெ நோபிலி போட்ட பாதை.

மரியாதை ராமன் பாரிஸ் போன கதை

புஷே எழுதிய நீண்ட கடிதங்கள் பிரான்சில் அச்சாகிப் பரவலாகப் படிக்கப்பட்டன. 1714-ல் எழுதிய கடிதம், இங்கே நீதி எப்படி வழங்கப்படுகிறது என்பதைப் பற்றியது. எழுதிவைத்த சட்டப் புத்தகம் இல்லாமலேயே வழக்கமும் பழமொழியும் தீர்ப்பாகும் விதத்தை அதில் விளக்கினார். நம் பாட்டிகள் சொன்ன மரியாதை ராமன் கதையும் அந்தக் கடிதத்தோடு கப்பல் ஏறியது.

அவர் எழுதியதெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. பிரம்மா என்பது ஆபிரகாம், சரஸ்வதி என்பது சாராள் என்று பெயர் ஒற்றுமையை வைத்து வாதம் செய்தவரும் அவர்தான். இந்துக் கதைகள் பைபிளிலிருந்து வந்தவை என்று நிரூபிக்கும் ஆசை அது. இன்று எந்த ஆய்வாளரும் அதை ஏற்பதில்லை.

வீரமாமுனிவரும் உபதேசியார்களும்

ஆவூரில் பணியாற்றிய இன்னொருவரை நமக்கு நன்றாகவே தெரியும். இத்தாலியிலிருந்து 1710-ல் வந்த பெஸ்கி என்ற வீரமாமுனிவர். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர். எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் எழுத்தில் தெளிவாகத் தெரியும்படி செய்தவர். நாம் இப்போது டைப் செய்யும் தமிழில் அவர் கைவண்ணம் இருக்கிறது.

அவர் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்' அவ்வளவாகப் பேசப்படாத நூல். வேதியர் என்றால் இங்கே உபதேசியார். ஒரு பாதிரியாருக்குப் பல நாள் நடை தூரத்துக்கு ஊர்கள் இருந்தன. வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயம். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, ஊர்ச் சண்டையைத் தீர்ப்பது எல்லாமே உள்ளூர் உபதேசியார்தான். வெளிநாட்டுப் பாதிரியாரின் பெயர் வரலாற்றில் நின்றது. கால் தேய நடந்த தமிழர்கள் பலரின் பெயர் நிற்கவில்லை.

கொடுத்த விலை என்ன?

உள்ளூர் வழக்கத்தை ஏற்றுக்கொள்வது என்றால் சாதியையும் ஏற்றுக்கொள்வதா? இந்தக் கேள்விதான் அந்த மிஷனை உலுக்கியது. தலித் கிறிஸ்தவர் ஒருவர் சாகும் தறுவாயில் இருந்தாலும், பாதிரியார் அவர் வீட்டுக்குள் போகாமல் இருந்தார். போனால் மற்ற சாதியினர் விலகிவிடுவார்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது.

1703-ல் போப்பின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், அடுத்த ஆண்டு இதற்குத் தடை போட்டார். நோயாளியின் வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி முதல் திருநீறு வரை வேறு பல வழக்கங்களுக்கும் அந்த ஆணை தடை விதித்தது. எதிர்த்து வாதாட ரோமாபுரிக்கு அனுப்பப்பட்ட இருவரில் ஒருவர் யார் தெரியுமா? ஆவூர் புஷேதான்.

வழக்கு 40 ஆண்டுகள் இழுத்தது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட், தூர்னோனின் ஆணையைப் பெரும்பாலும் உறுதி செய்தார். அதற்குச் சபை கண்ட வழி, தலித் மக்களுக்கென்றே தனிப் பாதிரியார்களை நியமிப்பது. பிரச்சினை தீரவில்லை, வேறு வடிவம் எடுத்தது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று கோவிலையே இரண்டு கூடங்களாகக் கட்டிய வரலாறு உண்டு. தனிக் கல்லறை, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்ற தகராறுகள் தமிழகத்தில் இன்னும் முடிந்தபாடில்லை.

இப்போது ஆவூரில்

ஈஸ்டரை ஒட்டி இங்கே பாஸ்கா நாடகமும் தேர்பவனியும் நடக்கும். எல்லா மதத்தவரும் வந்து கூடுவார்கள். அடுத்த முறை போனால் கோவிலை செல்ஃபி எடுக்கும் முன் அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். 1547 தப்பு. மரியாதை ராமனைப் பிரெஞ்சுக்காரர்களுக்கு அறிமுகம் செய்தவரும், சாதி வழக்கத்தை விட்டுவிடாமல் இருக்க ரோமாபுரி வரை போய் வாதாடியவரும் ஒரே ஆள்தான். ஊர்ப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், உங்கள் தாத்தா காலத்து உபதேசியார் யார் என்றும் கேட்டு வையுங்கள். இணையத்தில் தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது.