விலையில்லா வெந்நீர்

ஐஸ்லாந்தின் வடமேற்கே, நூறு பேர்கூட வசிக்காத மீனவச் சிற்றூர் டிராங்ஸ்நெஸ். 1990களில் அங்கே மீன் பதனிடும் ஆலைக்குக் குளிர்நீர் தேடித் துளையிட்டபோது, புவிவெப்பத்தால் சூடேறிய வெந்நீர் கிடைத்தது. இன்று அந்நீர் வீடுகளுக்குக் கதகதப்பூட்டுகிறது. கடலோரத்தில் மூன்று குளியல் தொட்டிகளையும் நிரப்புகிறது.

அத்தொட்டிகளுக்குக் கட்டணம் இல்லை. முன்னதாகச் சோப்பிட்டுக் குளித்துவிட்டு இறங்க வேண்டும் என்பதே விதி. பொதுச்சொத்து பாழாகும் என்பது பொருளியலின் பழைய அச்சம். பயன்படுத்துவோரே வகுத்த விதிகள் அதைக் காக்கும் என்று காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் இங்கே விதி வகுத்தவர்கள் ஊரார்; தொட்டியில் அமர்பவர்களோ பெரும்பாலும் என்னைப் போன்ற வழிப்போக்கர்கள். நாம் விதியை மீறினால், நாளை அங்கே பூட்டு தொங்கும். ஊராரும் வெளியே நிற்க நேரும்.