கொடைரோட்டுல முடிஞ்ச ராஜ்ஜியம்

மக்களே, கொரியன் ஹிஸ்டாரிக்கல் சீரிஸ் பார்க்கிற எல்லாருக்கும் ஒரு கட்டம் நல்லா பழகியிருக்கும். ஒரே சிம்மாசனம், ரெண்டு பேர். ரெண்டு பேருமே முட்டாள் கிடையாது. நாற்பது எபிசோட் வரைக்கும் அழகா காய் நகர்த்தியிருப்பாங்க. அப்புறம் ஒருத்தர் போய் வெளியில இருக்கிற பெரிய ராஜாகிட்ட படை கேட்பார். லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கிற நமக்கு அந்த நிமிஷமே தெரிஞ்சிடும், கதை முடிஞ்சதுன்னு. அவங்களுக்கு மட்டும் தெரியாது.

ஏன் தெரியாமப் போகுது? ஹாஸ்டல்ல இதைப் பத்தி நிறைய சண்டை போட்டிருக்கோம். "ஸ்கிரிப்ட் அப்படி, வேற என்ன" என்பதுதான் பெரும்பாலானவர்களின் பதில். எனக்கு அது ஒத்துவரலை. ஏன்னா இதே கதை ஸ்கிரிப்ட் எதுவும் இல்லாம நம்ம திண்டுக்கல் பக்கத்துலயே நடந்திருக்கு. மதுரைக்கு ரயிலில் போகும்போது கொடைரோடு ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீங்க. அந்த ஸ்டேஷன் இருக்கிற ஊர் அம்மையநாயக்கனூர். இருநூறு வருஷம் நடந்த மதுரை நாயக்கர் ஆட்சி, கடைசியாகப் போரில் தோற்ற இடங்களில் அதுவும் ஒன்று.

முதல்ல ஆட்கள் யார் யாருன்னு பார்த்துடலாம். ராணி மங்கம்மாளின் பேரன் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் 1706 முதல் ஆண்டார். கோவில், தானம், யாத்திரை என்று செலவு செய்தவர். கஜானா எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யூகிச்சுக்கலாம். 1732 வாக்கில் வாரிசு இல்லாமலே இறந்துபோனார். அப்போது தலைநகரம் மதுரை இல்லை, திருச்சி. அவருடைய ராணி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். எதிர்த்து நின்றவர் வங்காரு திருமலை. திருமலை நாயக்கரின் தம்பி வழியில் வந்தவர், அதனால் ரத்த உரிமை எனக்குத்தான் என்றார்.

மீனாட்சி ஒரு குழந்தையைத் தத்து எடுத்தார், பெயர் விஜயகுமாரன். அது யார் குழந்தை தெரியுமா? வங்காரு திருமலையின் சொந்த மகன்.

இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க, ஏன்னா எனக்கு முழுக் கதையுமே இங்கதான் இருக்குன்னு தோணுது. அடுத்த ராஜா யார் என்பதில் ரெண்டு பேருக்கும் சண்டையே கிடையாது. மீனாட்சி ஜெயித்தாலும் நாளைக்கு விஜயகுமாரன்தான் ராஜா. வங்காரு ஜெயித்தாலும் அவருக்குப் பின்னாடி வரப்போவது அதே பையன்தான். அப்போ சண்டை எதுக்கு? பையன் பெரியவன் ஆகிற வரைக்கும் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கணும் என்பதற்கு. ஒரு பத்துப் பதினைந்து வருஷப் பொறுப்பு, அவ்வளவுதான். அதற்காக வங்காரு, தளவாய் வேங்கடாசாரியாரைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு திருச்சி அரண்மனையைப் பிடிக்கப் பார்த்தார். தோற்றார்.

மீனாட்சி பக்கமும் தப்பு இருக்கு. மகனை எடுத்துக்கிட்டார், அப்பாவுக்கு ஒரு வேலையும் கொடுக்கலை. சும்மா உட்கார்ந்திருக்கிற, கோபத்தில் இருக்கிற, ஆள் பலம் உள்ள ஒரு சொந்தக்காரரை விட ஆபத்தானது ஒரு அரண்மனையில் வேற எதுவும் இல்லை. மங்கம்மாளும் பேரனுக்காகத்தான் ஆண்டார், 1689 முதல் பதினேழு வருஷம். அந்த முன்மாதிரி கண் முன்னாடியே இருந்தது. ஆனா மங்கம்மாளுக்கு எதிராக வீட்டுக்குள்ளேயே ரத்த உரிமை பேச ஒரு வங்காரு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

இப்போ வெளி ஆள் என்ட்ரி. ஆற்காடு நவாப் தோஸ்த் அலி, தெற்கே இருக்கிற அரசுகளிடம் கப்பம் வசூல் பண்ண 1734-ல் ஒரு படையை அனுப்புகிறார். தலைமை அவர் மகன் சப்தர் அலி, கூடவே மருமகன் சந்தா சாகிப். இவங்க நாடு பிடிக்க வந்தவங்க இல்லை, பணம் வசூலிக்க வந்தவங்க. இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

வங்காரு நேராக சப்தர் அலியிடம் போனார். என்னை ராஜா ஆக்குங்க, முப்பது லட்சம் தர்றேன். சப்தர் அலி கணக்குப் போட்டார். திருச்சிக் கோட்டையை அடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால் அடிக்கவே இல்லை. "வங்காருதான் ராஜா" என்று வாயால் அறிவித்தார், முப்பது லட்சத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டார், ஊருக்குக் கிளம்பிவிட்டார். தீர்ப்பை நிறைவேற்ற சந்தா சாகிப்பை விட்டுட்டுப் போனார். அதாவது வங்காரு முப்பது லட்சத்துக்கு வாங்கினது ஒரு வாக்கியம்.

மீனாட்சி பயந்துபோனார். அவர் சந்தா சாகிப்பிடம் ஆள் அனுப்பி ஒரு கோடிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். உடனே சந்தா சாகிப், "ராணிதான் நியாயமான வாரிசு" என்றார். மச்சான் எழுதின தீர்ப்பை மருமகன் மாத்தி எழுதிட்டார், ரேட் மூணு மடங்குக்கு மேல.

சத்தியம் கேட்டார் ராணி. சந்தா சாகிப் குர்ஆன் மேல் கை வைத்து, வாக்கு தவறமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்தப் பட்டுத்துணிக்குள்ளே இருந்தது குர்ஆன் இல்லை, வெறும் செங்கல் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் செங்கல்லோடு நிறுத்திடுவாங்க. அதாவது, ஏமாத்தினான், ராணி ஏமாந்தாங்க, முடிஞ்சது. நான் கேட்கிறது வேற. உள்ளே உண்மையான குர்ஆனே இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? எதுவும் மாறியிருக்காது. ஒரே சிம்மாசனத்துக்கு ரெண்டு பத்திரம் எழுதப்பட்டதைப் பார்த்தவர் சந்தா சாகிப். இந்த ராஜ்ஜியத்தில் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பமாட்டாங்க, ஆனா நம்மை நம்புவாங்க என்று அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. பணம் வசூலிக்க வந்தவருக்கு ராஜ்ஜியமே விற்பனைக்கு இருக்குன்னு சொல்லிக் கொடுத்தது வங்காருவும் மீனாட்சியும்தான்.

சந்தா சாகிப் ஒரு கோடியை வாங்கிக்கொண்டு ஆற்காடு திரும்பினார். அவர் மறுபடி வந்தது 1736-ல். நடுவில் ரெண்டு வருஷம்.

போர், விஷம், செங்கல் எல்லாத்தையும் விட எனக்கு இந்த ரெண்டு வருஷம்தான் உறுத்துது. ஏன்னா இந்த இடைவெளியில் மீனாட்சியும் வங்காருவும் சமாதானம் மாதிரி ஒண்ணுக்கு வந்திருந்தாங்க. ராணியின் சம்மதத்தோடேயே வங்காரு மதுரைக்குப் போய், மதுரை, திருநெல்வேலிப் பக்கத்தை ஆண்டார். ராணிக்கு அவர் மேல் பெரிய பகை இருந்த மாதிரியே தெரியலை. வெளி ஆள் ஊரில் இல்லை. பையன் ஒருத்தன்தான், ரெண்டு பேருக்கும் பொது. கூட்டுச் சேர இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனா அவங்க செய்தது ராஜ்ஜியத்தைப் பாதி பாதியாகப் பிரிச்சுக்கிட்டது. கோட்டை வடக்கே திருச்சியில் ராணியிடம், சண்டை போடத் தெரிந்த ஆள் தெற்கே மதுரையில். நடுவில் திண்டுக்கல் சமவெளி. எலெக்ட்ரிக்கல் பசங்க பாஷையில் சொன்னா, ஒரே லோடுக்கு ரெண்டு சோர்ஸ், ரெண்டும் சிங்க் ஆகலை.

1736-ல் சந்தா சாகிப் வந்தபோது திருச்சிக் கோட்டைக் கதவு மறுபடியும் திறந்தது. உடைச்சு இல்லை, உள்ளே இருந்தவங்களே திறந்தாங்க. சத்தியம் செய்தவர் ஆச்சே! கொஞ்ச நாளில் ராணி பெயருக்குத்தான் ராணி. அதுக்கப்புறம் அவர் செய்ததைப் பாருங்க, ரொம்ப முறையான வேலை. ராணியை உடனே தொடலை. முதலில் படையைத் தெற்கே வங்காரு மேல் திருப்பினார். வங்காரு இருக்கிற வரைக்கும் ராணிக்கு ஒரு வழி இருக்கும், அதனால் அந்த வழியை முதலில் அடைத்தார்.

மோதல் நடந்தது நம்ம பக்கத்தில், அம்மையநாயக்கனூரிலும் திண்டுக்கல்லிலும். மேப்பைத் திறந்து பார்த்தா ஏன் இங்கேன்னு புரியும். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கொடைக்கானல் மலைத்தொடர், ரெண்டுக்கும் நடுவில் மதுரைக்கு இறங்குகிற வழி. இன்னிக்கும் ரோடும் ரயிலும் அதே வழியில்தான் போகுது. வடக்கே இருந்து மதுரைக்குப் போகிற படையை மறிக்கணும்னா இங்கதான் மறிக்கணும். வங்காரு தேர்ந்தெடுத்த இடத்தில் எனக்குக் குறையே தெரியலை. காலம்தான் தப்பு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி திருச்சியில் ராணியோடு நின்று போட்டிருக்க வேண்டிய சண்டையை, தனியாக, திறந்த வெளியில் போட்டார். தோற்று சிவகங்கைக்கு ஓடினார்.

அதுக்கப்புறம் நடிப்பு தேவைப்படலை. ராணியை அரண்மனைக்குள்ளேயே பூட்டி வைத்து, நானே ஆட்சி என்றார் சந்தா சாகிப். மீனாட்சி விஷம் குடித்து இறந்தார். இந்த விஷயத்தை நம்ம பாடப்புத்தகம் ஒரு வரியில் தாண்டிடும்.

இப்போ கொரியாவுக்கு வரலாம், ஏன்னா அங்கேயும் இதே ஆட்டம் நடந்திருக்கு, முடிவு மட்டும் வேற. 'குயீன் சொண்டொக்' சீரிஸ் பார்த்தவங்களுக்கு கிம் சுன்ச்சு நினைவிருப்பார். நிஜ வரலாற்றில் அவர் 648-ல் சீனாவின் தாங் அரசவைக்குப் போய், பெக்ஜேவுக்கு எதிராகப் படை கேட்டார். சில்லாவும் தாங்கும் சேர்ந்து 660-ல் பெக்ஜேவை முடிச்சாங்க, 668-ல் கோகுர்யோவை முடிச்சாங்க. அப்புறம் தாங் என்ன செய்தது? சந்தா சாகிப் செய்ததைத்தான். மொத்தமும் எனக்கு என்றது. சில்லாவின் ராஜாவுக்கே "எங்கள் கவர்னர்" என்று ஒரு பதவி கொடுத்தது! ஆனா சில்லா முழுகிப்போகலை. 670-ல் இருந்து 676 வரை தாங் படையோடு மோதித் தீபகற்பத்தை விட்டுத் துரத்தியது. காரணம் ரெண்டு. ஒண்ணு, படை கேட்டாங்களே தவிர, சொந்தப் படையைக் கலைக்கலை, சொந்தக் கோட்டையைத் திறந்து விடலை. இன்னொண்ணு, நேத்து வரைக்கும் எதிரியாக இருந்த கோகுர்யோ, பெக்ஜே ஆட்களையே தங்கள் பக்கம் சேர்த்துக்கிட்டாங்க. மீனாட்சியும் வங்காருவும் எதிரிகூட இல்லை, ஒரே குடும்பம். அவங்களால முடியலை.

சிலர் இதை இந்து, முஸ்லிம் கதையாகச் சொல்றதையும் கேட்டிருக்கேன். அப்படிப் பார்த்தா அடுத்து நடந்தது எதுவும் புரியாது. சந்தா சாகிப்பை விரட்ட மராத்தியரைக் கூப்பிட்டாங்க. அவங்க வந்தாங்க, 1740-ல் தோஸ்த் அலி போரில் செத்தார், 1741-ல் திருச்சி விழுந்தது, சந்தா சாகிப் கைதியாகப் போனார். கோட்டையை வங்காருவுக்கா கொடுத்தாங்க? முராரி ராவ் என்ற தங்கள் தளபதியை உட்கார வைத்தாங்க. சப்தர் அலியை 1742-ல் அவர் சொந்தக்காரரே கொன்றார். வங்காருவின் வம்சம் மறுபடி அரியணை ஏறவே இல்லை.

சந்தா சாகிப் முடிவு இன்னும் விசித்திரம். விடுதலையாகி வந்து, பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து 1751-ல் அதே திருச்சிக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே முகமது அலியும் ஆங்கிலேயரும். ஒரு சத்தியத்தால் நடந்து போன கோட்டைக்குள் இப்போது பீரங்கியோடு வந்தும் நுழைய முடியலை. 1752-ல் ஸ்ரீரங்கம் தீவில் மாட்டிக்கொண்டார். தப்பிக்க வைக்கிறேன் என்று தஞ்சாவூர் தளபதி மனோஜி, தன் வாள் மேலும் குத்துவாள் மேலும் சத்தியம் செய்தார். அதை நம்பி வெளியே வந்தார் சந்தா சாகிப். மனோஜி ஆட்கள் பிடித்துக் கட்டினாங்க, தலையை வெட்டினாங்க. வாள் நிஜ வாள்தான், உள்ளே செங்கல் எதுவும் இல்லை.

முகமது அலி மட்டும் சும்மாவா? அந்த முற்றுகையில் உதவி செய்தால் திருச்சியையே தருகிறேன் என்று மைசூர் நஞ்சராஜரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். ஜெயித்ததும் கொடுக்கலை. செலவழித்துக் களைத்துப்போன நஞ்சராஜர் மைசூர் திரும்பினார். திண்டுக்கல் அப்போது மைசூர் கையில் இருந்தது. பாளையக்காரர்களை அடக்க 1755-ல் நம்பிக்கையான ஒரு அதிகாரியை இங்கே பவுஜ்தாராக அனுப்பினாங்க. அவர் நம்ம ஊரில் பிரெஞ்சுத் தொழில்நுட்ப ஆட்களை வைத்து ஆயுதச்சாலை நடத்தினார், சொந்தமாகப் படை சேர்த்தார். பெயர் ஹைதர் அலி. 1761-ல் மைசூரே அவர் கைக்குப் போனது, நஞ்சராஜருக்கு ஒண்ணும் மிஞ்சலை. அது தனி சீசன், அடுத்த இதழில் எழுதுறேன்.