கொம்பும் சூலகமும்

சுவிட்சர்லாந்தின் சானென் பள்ளத்தாக்கிலிருந்து உலகமெங்கும் பரவிய வெள்ளைப் பால் ஆடு சானென். அந்த இனத்தில் கொம்பே முளைக்காத மோழை ஆடுகள் நிறைய உண்டு. குட்டியின் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தால் போதும். கொம்பு வரப்போகும் குட்டிக்குக் கொம்பு முளைக்கும் இரண்டு இடத்திலும் மயிர்ச்சுழி இருக்கும். மோழைக்கு அப்படி இருக்காது. காய்ச்சிய இரும்பால் கொம்புக் குருத்தைச் சுடும் கொடுமை மோழைக்குத் தேவையில்லை என்பதால், மோழைக் கிடாவையும் மோழைப் பெட்டையையும் விரும்பி இணை சேர்த்தார்கள் வளர்ப்பவர்கள்.

அந்த ஈற்றுகளில் சில பெட்டைக் குட்டிகள் வேறு மாதிரி வளர்ந்தன. பெண்குறிக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு முண்டு. சினைப் பருவம் வருவதே இல்லை. பருவகாலத்தில் கிடாவின் மொச்சை வீசும். மற்ற பெட்டைகள்மேல் தாவும். சூலகம் இருக்க வேண்டிய இடத்தில் விரை. ஆனால் அதில் விந்தணு உருவாகாது. இவை மரபுவழியில் பெண்களே என்றும், இந்த இடைப்பால் நிலை கொம்பின்மையோடு பிணைந்திருக்கக்கூடும் என்றும் அமெரிக்க ஆய்வாளர் ஆஸ்டெல் 1944இல் எழுதினார்.

கொம்பு இல்லாமல் போக, மாறிய மரபுப் பிரதி ஒன்று போதும். இடைப்பாலாக, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அது வர வேண்டும். குட்டியும் மரபுவழியில் பெண்ணாக, அதாவது எக்ஸ்எக்ஸ் ஆக, இருக்க வேண்டும். ஒற்றைப் பிரதி கொண்ட இரண்டு மோழைகள் சேர்ந்தால், எட்டுக் குட்டிக்கு ஒன்று என்ற வாய்ப்பு.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001இல் காரணத்தைத் தொட்டார்கள். ஒன்றாம் குரோமோசோமில் சுமார் 11,700 டி.என்.ஏ. எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அந்தத் துண்டில் புரதம் செய்யும் மரபணு எதுவும் இல்லை! ஆனால் அங்கிருந்து இரண்டு லட்சம் எழுத்துகளுக்கும் அப்பால் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணு இருக்கிறது. துண்டு போனதும் கருவின் சூலகத்தில் அது மௌனமாகிவிடுகிறது. ஒய் குரோமோசோமே இல்லாத உடலில் விரை உருவாகத் தொடங்குகிறது. அதே மரபணுவை மட்டும் முடக்கிப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்விலும் எக்ஸ்எக்ஸ் குட்டிக்கு விரையே வந்தது. ஆணாக்கும் மரபணு இல்லாவிட்டால் தானாக அமைவது பெண் என்றே நெடுங்காலம் பாடம் நடத்தப்பட்டது. வெள்ளாட்டில் சூலகமும் ஒரு மரபணு முனைந்து செய்யும் வேலை. இந்த ஆராய்ச்சியின் பெரிய வெளிச்சம் இதுதான் என்பேன்.

கதை அங்கேயும் நிற்கவில்லை. நீண்ட டி.என்.ஏ. துண்டுகளை ஒரே வீச்சில் படிக்கும் முறை வந்தபின், 2020இல் இன்னொன்று தெரிந்தது. போனது பத்தாயிரத்துச் சொச்சம் எழுத்துகள்; அந்த இடத்தில் அதே குரோமோசோமின் வேறொரு பகுதியிலிருந்து சுமார் 4,80,000 எழுத்துகள் நகலாகி, தலைகீழாக வந்து உட்கார்ந்திருந்தன.

அந்தத் துண்டு வந்து ஒட்டிய முனைகள் தெரிந்ததால் சோதனை எளிதாகிவிட்டது. கொஞ்சம் ரத்தமோ, வேரோடு பிடுங்கிய முடியோ போதும். பி.சி.ஆரில் பெருக்கிக் கூழ்மத்தில் ஓடவிட்டால், இயல்பான பிரதிக்கு ஒரு பட்டை, மாறியதற்கு வேறொரு பட்டை. இரண்டும் தெரிந்தால் ஒற்றைப் பிரதி ஆடு. கொம்புள்ள ஆட்டில் இடைப்பால் அறிகுறி தெரிந்தால் காரணத்தை வேறெங்காவது தேட வேண்டும்: ஆண் குட்டியோடு ஒரே கருப்பையில் வளர்ந்து ரத்தம் கலந்ததாலும் அப்படி நேரலாம்.

இரட்டைப் பிரதிக் கிடாவைக் கொம்புள்ள பெட்டையோடு சேர்த்தால் எல்லாக் குட்டியும் மோழை; இந்த மாற்றத்தால் இடைப்பாலாகும் குட்டி ஒன்றும் இராது. ஆனால் அத்தகைய கிடாக்களில் சிலவற்றுக்கு விந்துப் பாதை அடைபட்டுவிடுகிறது. அதனால் மரபணுச் சோதனையோடு விந்துச் சோதனையும் செய்தாக வேண்டும்.