இடம் நகர்ந்தால் இரட்டிப்பு!

37-ஐப் பத்தால் பெருக்கச் சொன்னால் உடனே 370 என்பீர்கள். வாய்பாடு எதற்கு? ஒவ்வோர் இலக்கமும் ஓரிடம் இடப்புறம் நகர்கிறது. காலியான ஒன்றாம் இடத்தில் 0 வந்து அமர்கிறது. அவ்வளவுதான்!

கணிப்பொறிக்குத் தெரிந்த இலக்கங்கள் 0, 1 ஆகிய இரண்டே. ஆகவே அங்கே ஓரிடம் நகர்ந்தால் எண் பத்து மடங்காகாது, இரு மடங்காகும். எட்டு பிட்டுகளில் 13-ஐ 00001101 என்று எழுதுவோம். இதை இடப்புறம் நகர்த்துங்கள்: 00011010. இது 26 அல்லவா? திரும்ப வலப்புறம் நகர்த்தினால் பாதியாகி, 13 ஆகிவிடும்.

இன்டெல் நிறுவனம் 1976-இல் வெளியிட்ட 8085 நுண்செயலியில் பெருக்கல் ஆணையே கிடையாது. அதில் 13-ஐப் பத்தால் பெருக்குவது எப்படி? ஒருமுறை நகர்த்தினால் 26. மேலும் இருமுறை நகர்த்தினால் 104. இரண்டையும் கூட்டினால் 130. இரு மடங்கும் எட்டு மடங்கும் சேர்ந்தால் பத்து மடங்குதானே!

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 200 என்பது 11001000. இதை நகர்த்தினால் இடக்கோடியில் உள்ள 1 வெளியே விழுந்துவிடும். மிஞ்சுவது 10010000, அதாவது 144. வரவேண்டியதோ 400! விழுந்த அந்த ஒரு பிட்டின் மதிப்பு 256.

அதைத் தொலையாமல் பிடித்துவைக்க நுண்செயலியில் 'கேரி' என்னும் ஒரு பிட் இடம் இருக்கிறது. 8085-இன் 'ஆர்.எல்.சி.' ஆணை, விழும் பிட்டைக் கேரியில் வைப்பதோடு வலக்கோடியிலும் கொண்டுவந்து சேர்க்கும். 'ஆர்.ஏ.எல்.' ஆணையோ அதைக் கேரியில் வைத்துவிட்டு, கேரியில் முன்பு இருந்த பிட்டை வலக்கோடியில் நுழைக்கும். வலப்புறம் சுழற்றவும் இதுபோல் இரண்டு ஆணைகள் உண்டு.

இனி 200-ஐ இரண்டு பைட்டுகளில் எழுதுவோம்: 00000000 11001000. முதலில் கேரியை 0 ஆக்குங்கள். வலப்பக்க பைட்டுக்கு ஆர்.ஏ.எல். கொடுத்தால் அது 10010000 ஆகும். கேரியில் 1 நிற்கும். அடுத்து இடப்பக்க பைட்டுக்கும் அதே ஆணை. கேரியில் காத்திருந்த 1 உள்ளே புகுந்து, 00000001 ஆகிறது. 256-உம் 144-உம் சேர்ந்து 400! எட்டு பிட் நுண்செயலி இப்படித்தான் பெரிய எண்களைக் கையாள்கிறது.

நீங்களும் செய்து பாருங்கள். 450 என்பது 00000001 11000010. தாளும் பென்சிலும் எடுத்து, இதே முறையில் நகர்த்துங்கள். 900 கிடைக்கிறதா?