இளங்குழந்தைகளின் அன்றாடத் திறன்களும் ஆட்டிசத்தின் முன்னறிகுறிகளும்

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்துள்ள சாந்திபுரம், தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியாகும். இத்தகைய ஊர்களில் இரண்டு வயதாகியும் பேசாத குழந்தையைக் கண்டால், பல மொழிகளைக் கேட்பதே காரணமென்று பெரியோர் அமைதி கொள்வது எளிது. அது சரியன்று. பல மொழிகளிடையே வளரும் குழந்தையிடமும் பேச்சுக்கு முந்திய சைகைகள் உரிய காலத்தில் தோன்றவே செய்யும். ஆகவே அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் முதலில் குழந்தையின் விரலையும் விழியையும் நோக்குதல் வேண்டும்.

தாகம் கொண்ட ஒன்றரை வயதுக் குழந்தை செம்பைச் சுட்டிக் காட்டித் தாயின் முகத்தைப் பார்க்கும். ஆட்டிசம் உடைய குழந்தையோ தாயின் கையைப் பற்றி இழுத்துச் செம்பின்மேல் வைக்கக்கூடும், முகத்தைப் பாராது. கூரைமேல் அமர்ந்த காக்கையைப் பிறருக்குக் காட்டுவதற்காகவே சுட்டுதல் இதனினும் முக்கியமானது. பெறவேண்டிய பொருள் ஏதுமின்றி, கண்டு மகிழ்ந்ததைப் பகிரும் செயல் அது. அக்குழந்தையே கதவின் தாழ்ப்பாளைத் திறக்கும். கைப்பேசியில் விரும்பிய பாட்டைத் தேடியெடுக்கும். இதனால் பெற்றோர் கவலை நீங்குவர். திறமை இருந்தும் அது உண்ணல், உடுத்தல், கேட்டுப் பெறுதல் ஆகியவற்றிற்குப் பயன்படாதிருப்பதே கவனிக்கத்தக்கது.

ஒரே கிண்ணத்தில்தான் உண்பேன் என்னும் பிடிவாதம், தலை வாரும்போது அலறுதல் ஆகியன பிற குழந்தைகளிடமும் உண்டு. சைகைக் குறைவோடு சேர்ந்து காணப்பட்டால் மட்டுமே இவற்றிற்குப் பொருள் மிகுதி.

அன்றாடத் திறன்களை அளக்க எட்கர் டால் என்பார் 1935-இல் அமெரிக்காவின் வைன்லாந்தில் சமூக முதிர்ச்சி அளவுகோலை வகுத்தார். நாகபுரியில் மாலின் இந்தியச் சூழலுக்கேற்ப அமைத்த வடிவம் 89 கூறுகள் கொண்டது. பெரும்பாலும் தாயை வினவியே நிரப்பப்படுவது. இது ஆட்டிசத்தை உறுதி செய்யும் கருவியன்று; குழந்தை எத்துறையில் பின்தங்கியுள்ளது என்பதைக் காட்டும். லியோ கானர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பின்னர், தாயின் அன்பின்மையே இந்நிலைக்குக் காரணமென ஒரு கொள்கை பரவிப் பல குடும்பங்களைத் துன்புறுத்திற்று. அது தவறென்று தெளிவாகிவிட்டது. ஊழியர் வாயிலிருந்து அத்தகைய சொல் எதுவும் வருதல் ஆகாது.

ஒரு வயது நிறைந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, ஒன்றரை வயதிலும் சுட்டாமை, எவ்வயதிலேனும் கற்ற சொற்களை இழத்தல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் காலந்தாழ்த்தல் கூடாது. முதலில் செவித்திறன் சோதிக்கப்படவேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டிற்கு இருமுறை வருதல் விதி. எனினும் அவர்தம் அடுத்த வருகைவரை காத்திராது, ஆரம்ப சுகாதார நிலையம் வாயிலாக மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்புதலே நன்று. உடன் அனுப்பும் குறிப்பில் ‘பேசவில்லை’ என்று மட்டும் எழுதினால் மருத்துவருக்குப் பயன் குறைவு. ‘மூன்று முறை அழைத்தும் திரும்பவில்லை, மிட்டாய்த் தாளின் ஓசைக்கு உடனே திரும்பியது’ என்று கண்டவாறே எழுதுதல் வேண்டும்.