கூலி கூடினால் முதலாளிக்கு லாபமா, நட்டமா?

சாரல் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சீசன். அருவியில் குளித்தவர்களுக்குப் பசி எடுக்கும். தென்காசி, செங்கோட்டை வரை பரோட்டாக் கல் ஓயாது.

அந்த நேரத்தில் பரோட்டா மாஸ்டர் கூலி போதவில்லை என்று வேறு கடைக்குப் போய்விட்டால்? கல் இருக்கும். மாவு இருக்கும். வீசிப் போடக் கை இருக்காது! வந்தவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். கூலியில் பிடித்த மிச்சத்தைவிடப் போன வியாபாரம் பெரிது.

இதே கணக்கைப் பெரிய அளவில் போட்டவர் ஹென்றி போர்டு.

ஓடிய தொழிலாளர்கள்

அமெரிக்காவில் டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க்கில் அவருடைய கார் ஆலை இருந்தது. அங்கே ஒரே வேலையை நாள் முழுவதும் செய்ய வேண்டும். ஆட்கள் சலித்து ஓடினார்கள். சுமார் 14,000 பேர் உள்ள ஆலைக்கு 1913-ல் மட்டும் சுமார் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியதாயிற்று! ஒவ்வொருவருக்கும் வேலை பழக்க வேண்டும். பழகியதும் போய்விடுவார்.

1914 ஜனவரி 5-ந் தேதி போர்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நாள் ஒன்றுக்கு 5 டாலர்! அதுவரை கிடைத்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலை நேரமும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைந்தது.

கடுங்குளிரில் ஆயிரக்கணக்கானோர் ஆலை வாசலில் திரண்டார்கள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள்!

எல்லாருக்கும் உடனே 5 டாலர் கிடைத்துவிடவில்லை. குடும்பத்தை ஒழுங்காக நடத்துகிறாரா என்று வீட்டுக்கே போய் விசாரித்தார்கள். ஆனாலும் ஆட்கள் ஓடுவது வெகுவாகக் குறைந்தது. இரண்டு ஆண்டுகளில் லாபம் சுமார் இரு மடங்கு. கார் விற்பனை பெருகியதும் அதற்கு ஒரு காரணம். செலவைக் குறைக்கத் தாம் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்று போர்டே பிற்பாடு எழுதினார்.

பீடித் தட்டின் கதை

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். மடியில் தட்டை வைத்துப் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். 1,000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலையும் தூளும் கொடுப்பார்கள். இலை போதாவிட்டால் கைக்காசு போட்டு வாங்க வேண்டியதுதான். சரியில்லாத பீடி கழிவில் போகும்.

இங்கே போர்டின் கணக்குச் செல்லுமா? செல்வது கடினம். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு அந்தப் பெண் எங்கே போவாள்? அவள் ஒருத்தி நின்றுவிட்டால் எந்த இயந்திரமும் நிற்காது. ஒரு முதலாளி மட்டும் கூலியை உயர்த்தினால், குறைந்த கூலி கொடுப்பவர் மலிவாக விற்றுவிடுவார்.

அதனால்தான் சட்டம் தேவைப்பட்டது. 1948-ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. எல்லா முதலாளிக்கும் ஒரே கூலி என்றால் யாருக்கும் தனியே நட்டம் இல்லையே!

பரோட்டா மாஸ்டர் போனால் முதலாளியின் கல் ஆறிப்போகும். பீடி சுற்றும் பெண் நின்றால் ஆறுவது அவள் வீட்டு அடுப்புதான். லாப நட்டம் பார்க்கும்போது அந்த அடுப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?