முடிச்சு போடத் தெரிந்த பிள்ளைகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடலோரத்தில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக அரசு விதிக்கும் தடைக்காலம் இது. அந்த நாட்களில் வட சென்னையின் காசிமேட்டில் படகுகளுக்கு மராமத்து நடக்கும். வலைகளைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்ப்பார்கள். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் ஏறத்தாழ அப்போதுதான். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளுக்குக் கைவேலை வழியாகச் சுற்றுச்சூழலைச் சொல்லிக்கொடுக்க வலையைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இல்லை.

‘குப்பையிலிருந்து கைவினை’ என்று பள்ளிகளில் நடப்பது பல நேரம் வருத்தமே தருகிறது. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, பெயின்ட் அடித்து, ஜிகினா தூவி, தெர்மாகோலில் ஒட்டி நிறுத்துகிறார்கள். வெறும் பாட்டிலாக இருந்தவரை பழைய சாமான் கடையில் எடைக்கு எடுத்துக்கொண்டிருப்பார்கள். இத்தனையும் ஒட்டிய பிறகு அதைப் பிரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. கண்காட்சி முடிந்ததும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி வேறு மாதிரி யோசித்தது. அங்கே கைத்தொழில் பாடங்களுக்கு இடையில் வரும் பொழுதுபோக்கு அல்ல. கணக்கும் அறிவியலும் அந்தத் தொழிலிலிருந்தே கிளைக்க வேண்டும். வலையில் அது அப்படியே நடக்கிறது.

வேண்டியவை பருத்தி நூல், வலை ஊசி, ஒரு பட்டை. இந்த ஊசி துணி தைக்கிற ஊசி போல இருக்காது. தட்டையாக, முனை மழுங்கி, நடுவில் ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். நூலை அந்த நாக்கில் மாட்டி மாட்டிச் சுற்றிக்கொள்வார்கள். பட்டைதான் வலைக்கண்ணின் அளவைத் தீர்மானிப்பது.

முதல் வரிசைக் கண்கள் ஒரு கயிற்றில் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். நூலைப் பட்டையின் முன்பக்கமாக இறக்கி, பின்பக்கமாக ஏற்றி, மேலே உள்ள கண்ணுக்குள் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவர வேண்டும். கண்ணின் அடி பட்டையின் மேல் விளிம்பில் வந்து உட்காரும்வரை இழுத்து, அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். பிறகு நூலை இடப்பக்கம் மேலே வீசி வளையம் விட்டு, ஊசியைக் கண்ணின் இரண்டு கால்களுக்கும் பின்னால் வலமிருந்து இடமாக ஓட்டி, அந்த வளையத்துக்குள் எடுத்து இறுக்கினால் முடிச்சு விழும். கட்டைவிரல் தளர்ந்தால் வளையம் கண்ணுக்குக் கீழே நழுவிவிடும். பார்க்க முடிச்சு போலவே இருக்கும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். பிள்ளைகளுக்கு முதலில் விழுவது பெரும்பாலும் இந்த வழுக்கு முடிச்சுதான். அவிழ்த்துவிட்டு மறுபடி போடச் சொல்ல வேண்டியதுதான்.

பட்டையின் அகலம் 2 சென்டிமீட்டர் என்றால் முடிச்சுக்கு முடிச்சு 2 சென்டிமீட்டர். கண்ணை இழுத்துப் பிடித்தால் 4. கண்கள் சதுரமாகத் திறந்திருக்கும்படி விரித்தால் ஒரு சதுர மீட்டர் வலைக்கு 2,500 முடிச்சுகள். இன்று வலைத்துணி இயந்திரத்தில் பின்னப்பட்டு வருகிறது, கையால் செய்வது கிழிசல் வேலைதான் என்றாலும், இந்தக் கணக்கைப் போட்ட பிள்ளை வலையை வேறு கண்ணால் பார்க்கும்.

முடிச்சு வராத சின்னக் குழந்தைகளுக்கும் வேலை இருக்கிறது. களிமண்ணில் பெரிதும் சிறிதுமாக மீன் செய்யட்டும். ஐஸ் குச்சியைப் பட்டையாக வைத்து ஒரு வலை, மரஸ்கேலை வைத்து இன்னொரு வலை என்று பெரியவர்கள் பின்னிக் கொடுத்தால், எந்த மீன் எதில் நிற்கிறது என்று குழந்தைகளே நுழைத்துப் பார்ப்பார்கள். செவுள் வலையின் சூட்சுமம் அதுவே: தலை நுழைந்து உடம்பு நுழையாத மீன் மாட்டிக்கொள்ளும், அதைவிடச் சின்னது தப்பிவிடும். கண்ணைச் சுருக்கினால் குஞ்சும் தப்பாது. குஞ்சே போய்விட்டால் அடுத்த பருவத்துக்கு முட்டையிட மீன் குறைந்துபோகும்.

அடுத்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பின்னிய வலையை இரு முனையிலும் பிடித்து நீளவாக்கில் இழுக்கச் சொல்லுங்கள். வைரம் போன்ற கண்கள் நெருங்கி மூடிக்கொள்ளும். இழுவலையின் கடைக்கோடிப் பையில், மீன் சேரச் சேர, இதுதான் நடக்கிறது. கண் எத்தனை பெரிதாக இருந்தாலும் குஞ்சு வெளியேற வழியில்லை. இப்போது அதே வலையைச் சாய்வாகத் திருப்பி, நூல்கள் இழுக்கும் திசையில் ஓடும்படி பிடித்தால் கண்கள் சதுரமாகத் திறந்தே நிற்கும். இழுவலைப் பைக்குச் சதுரக் கண் வேண்டும் என்று கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வலியுறுத்துவது இதனால்தான். ஆமை தப்பிப் போக வலைக்குள் கம்பித் தடுப்பும் வெளிவாசலும் கொண்ட கருவியையும் அதே நிறுவனம் வடிவமைத்திருக்கிறது. ஆமை மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். முட்டையிடக் கரை தேடி வரும் பங்குனி ஆமைகள் 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. வலையில் சிக்கி மூச்சு முட்டியிருக்கும் என்றே வல்லுநர்கள் கருதினார்கள்.

நூல் ஏன் பருத்தியாக இருக்க வேண்டும்? நைலான் வருவதற்கு முன் பருத்தி வலைதான். சீக்கிரம் மக்காமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைப்பார்கள். பருத்தி வலைத் துண்டு ஒன்றையும் நைலான் துண்டு ஒன்றையும் மண்தொட்டியில் புதைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றி, சில மாதம் கழித்துத் தோண்டினால் பிள்ளைகளுக்கே விளங்கும். கடலில் தொலைந்த நைலான் வலை மக்காது. ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

எண்ணூரில் நின்றுகொண்டு, குப்பை போடாதே என்று குழந்தைக்கு மட்டும் சொல்வது நியாயமில்லை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படகுகளையும் வலைகளையும் கறுப்பாக்கியது. கொசஸ்தலை ஆற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்திருக்கிறது. இவை எதையும் கைவேலை துடைக்காது; துடைக்கும் பொறுப்பும் பிள்ளைகளுடையது அல்ல. எண்ணெய் பட்ட வலையை அவர்கள் தொடவே கூடாது. ஆனால் 2,500 முடிச்சுக் கணக்கு தெரிந்த பிள்ளைக்கு, ஒரு வலை வீணாய்ப் போவதில் எத்தனை பேருடைய உழைப்பு போகிறதென்று தெரியும். நஷ்டஈட்டைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது அந்தப் பிள்ளைக்கும் புரியும்.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் வலை கட்டும் பெரியவர்கள் இருக்கிறார்கள். தடைக்காலத்தில் பலருக்குக் கடல் வருமானமும் இல்லை. பள்ளிகள் அவர்களை ஆசிரியர்களாக அழைத்து, அதற்குரிய சம்பளத்தைக் கொடுக்கலாம்.